கைக்குழந்தையும் பயண வேலையும்: வன்னித் தகப்பன் ஒருவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நெல் வெட்டும் மெசின்களும் உழவு இயந்திரங்களும் திருத்துகிறவன். வீடு கிளிநொச்சி வட்டக்கச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடுகிற பக்கம். மனைவிக்கு ஊர் முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை, ஆசிரியை. மகளுக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்று நடக்கிறது.

அறுவடை எங்கே தொடங்குகிறதோ அங்கே மெசின் போகும். மெசின் போன இடத்துக்கு நானும் போக வேண்டும். அம்பாறை, பொலன்னறுவை, பிறகு எங்கள் வன்னி, மன்னார். மாரி நெல்லான காலபோகத்துக்கு ஒரு சுற்று, கோடை நெல்லான சிறுபோகத்துக்கு ஒரு சுற்று. இடையில் உதிரிப்பாகம் எடுக்க, கூட்டத்துக்கு என்று கொழும்பு. கூட்டிப் பார்த்தால் வருடத்தில் ஐந்து மாதம் வீட்டில் இல்லை.

கூட வேலை செய்கிற பெடியள் நாலு பேரின் வீடுகளில் இப்போது பிள்ளை கிடைக்க இருக்கிறது. வயல் வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப் போனதால் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியன் இல்லை. மருந்து விஷயத்தில் கிளினிக்கில் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு எத்தனை நாள் லீவு?

அரச உத்தியோகம் என்றால் சம்பளத்துடன் 3 நாள். தனியார் நிறுவனம் என்றால் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. முதலாளி மனம் வைத்தால் உண்டு, அவ்வளவுதான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு வருடாந்த லீவு 14 நாள், சமயோசித லீவு 7 நாள் இருக்கிறது. அதிலிருந்துதான் பிய்த்து எடுக்க வேண்டும். மனைவி ஆசிரியை என்பதால் அவருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் கிடைத்தது. அதன் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமே இல்லாமல் இன்னொரு 84 நாள் எடுக்கலாம்.

என்னுடைய பிழையைச் சொல்கிறேன். மகள் பிறந்தது மாசித் தொடக்கத்தில். அம்பாறையில் அறுவடை உச்சத்தில் இருந்தபோது ஓடி வந்து, எட்டு நாள் லீவை ஒரேயடியாகப் பிரசவத்தோடு எடுத்து முடித்தேன். அந்த எட்டு நாளில் நான் செய்த வேலை என்ன? மகப்பேற்று விடுதிக்குள் ஆம்பிளைகளுக்குப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் இடம். மிச்ச நேரம் வெளியில் வேப்பமரத்தடியில் நின்றேன். சுடுதண்ணிப் போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். உள்ளே மாமியும் சின்ன மாமியும் மாறி மாறி நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து மனைவி எங்கள் வீட்டுக்குத் திரும்பி, தாயின் கை இல்லாமல் தவித்த கிழமையில் என்னிடம் லீவு இல்லை. ஆகவே பிறப்புக்கு மூன்று நாள் போதும். மிச்சத்தைப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும் நாளுக்கு வைத்திருங்கள்.

முதல் மாதம் மனைவி தாய் வீட்டில் இருக்கிறார். மருமகன் அங்கே போய் என்ன செய்வது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. 31ஆம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழியும் வரை மாமி வீட்டில் எல்லாம் ஒரு ஒழுங்கில் நடக்கும். பிள்ளை பெற்றவருக்குச் சரக்கு அரைத்த கறி, பத்தியச் சோறு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணியில் குளிப்பு. அந்த வீட்டில் மருமகன் ஒரு விருந்தாளி. நீங்கள் போனால் உங்களுக்குக் கதிரை போட வேண்டும், கோழி அடிக்க வேண்டும். அதாவது ஏற்கெனவே நித்திரை இல்லாமல் கிடக்கும் வீட்டில் நீங்கள் இன்னொரு வேலை.

முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் முறை போனபோது கிணற்றடியில் நனைந்த துணிகள் ஒரு பேசின் நிறையக் கிடந்தன. பேசாமல் குந்தி இருந்து தோய்க்கத் தொடங்கினேன். மாமி ஓடி வந்து, “ஐயோ தம்பி, அதை வையுங்கோ, ஆராவது பார்த்தால் என்ன நினைப்பினம்” என்றார். “பார்த்தால் பார்க்கட்டும் மாமி” என்று தோய்த்து முடித்துக் கொடியிலும் போட்டேன். அடுத்த முறை மாமி கோழி அடிக்கவில்லை. பழஞ்சோறும் சம்பலும் தந்தார். அந்த வீட்டு ஆளாக என்னைக் கணக்கெடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

குளிக்க வார்ப்பதை மட்டும் மாமியிடம் பழகிக்கொள்ளுங்கள். காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, ஒரு கையால் நாடியைத் தாங்கி வார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். வீடியோ பார்த்துப் பழக முடியாது. மூக்குப் பிடித்து விடுவது, தலையைத் தட்டி உருட்டுவது போன்றவற்றை தாய், பிள்ளையைப் பார்க்க வீடு வரும் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமிக்கு அதில் இன்றைக்கும் மனவருத்தம்.

பிறப்புப் பதிவுக்குத் தகப்பன் நிற்க வேண்டுமா?

42 நாளுக்குள் பதிய வேண்டும். தாய் போயும் பதியலாம். ஆனால் தாய், தகப்பனின் விவரங்களும் விவாகச் சான்றிதழும் தேவைப்படும். எங்கள் ஊரில் சிக்கல் இதில்தான் வருகிறது. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடுதாசிகளைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். என்னுடைய பிறப்புச் சான்றிதழும் 2009இல் போனதுதான். பிறகு எடுத்த பிரதியில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துப் பிழை. அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு நாள் அலைந்தேன். மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே உங்கள் இருவரின் கடுதாசிகளையும் எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரையும் முடிவு செய்துவிடுங்கள். எண் பார்த்து, நட்சத்திர எழுத்துப் பார்த்து, பிறகு சித்தப்பாமாரைக் கேட்டு முடிப்பதற்குள் 42 நாள் ஓடிவிடும்.

பயணம் வெளிக்கிட முன் என்ன செய்து வைப்பீர்கள்?

முதல் பயணத்துக்குப் பையை மட்டும் கட்டினேன். போய் மூன்றாம் நாள் கிணற்று மோட்டர் நின்றுவிட்டது. ஊரார் மெசினை எல்லாம் திருத்துகிறவனின் வீட்டில், மனைவி பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு வாளியால் தண்ணி அள்ளியிருக்கிறார். தையல் காய்ந்து முடியாத உடம்போடு. எனக்குச் சொல்லவும் இல்லை. திரும்பி வந்த பிறகு பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னா. அதிலிருந்து, வெளிக்கிடுவதற்கு முதல் நாள் நான் வீட்டுக்குத்தான் வேலை செய்கிறேன்.

மோட்டரைப் போட்டுப் பார்ப்பேன். தாங்கி நிறைந்திருக்க வேண்டும். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பேன், அரைவாசிக்குக் கீழே என்றால் மாற்றிவிடுவேன். காஸ் முடிந்தால் என்று கொஞ்சம் விறகும் கொத்தி அடுக்குவேன். நுளம்பு வலையில் ஓட்டை இருந்தால் தைப்பேன். ரோர்ச்சுக்குச் சார்ஜ் போட்டுக் கட்டிலடியில் வைப்பேன், மாரியில் பாம்பு வாசற்படி வரை வரும். காசைக் கையில் கொடுப்பேன். வங்கி அட்டையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை, காசு எடுக்கும் இயந்திரம் இருக்கிற இடம் கிளிநொச்சி டவுண். இரவில் கூப்பிட்டால் வரும் ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கங்களைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்கு மேலே பெரிதாக 1990. அந்த அம்புலன்ஸ் இலவசம். எங்கள் பக்கத்துக்கும் வரும்.

கார்த்திகை, மார்கழி என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இரவோடிரவாகத் தண்ணி ஏறியதைப் பார்த்தவன் நான். மழை தொடங்கினால் கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் இரண்டு சோடி உடுப்பு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். போன வெள்ளத்தில் கடுதாசியைத் தேடினோம், இந்த வெள்ளத்திலும் தேட வேண்டாம்.

ஊசி போடும் நாளில் தகப்பன் இல்லாவிட்டால் பரவாயில்லையா?

ஊசிக்குப் பரவாயில்லை. அன்றிரவுக்குத்தான் ஆள் வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பிறந்தவுடன் வைத்தியசாலையிலேயே போட்டுவிடுவார்கள். பிறகு 2, 4, 6 மாதங்களில், 9ஆம் மாதம், 12ஆம் மாதம், 18ஆம் மாதம், மூன்று வயதில். எல்லாம் கிளினிக் கொப்பியில் இருக்கும். 2, 4, 6 மாத ஊசிகளுக்குப் பிறகு அன்றிரவு காய்ச்சல் காயலாம், பிள்ளை கையை விட்டு இறங்காது. நான் கொப்பியைப் போனில் படம் எடுத்து வைத்து, மேலாளரிடம் இரண்டு மாதத்துக்கு முன்னமே திகதி சொல்லிவிடுவேன். 2ஆம் மாதத்துக்கும் 4ஆம் மாதத்துக்கும் நின்றேன். 6ஆம் மாதம் சிறுபோக அறுவடை, பொலன்னறுவையில் மாட்டிக்கொண்டேன். 9ஆம் மாதம் கார்த்திகை மழை, வயலில் வேலை இல்லை, நின்றேன். நாலில் மூன்று. மனைவி நாலில் ஒன்று இல்லை என்றுதான் கணக்குச் சொல்வார்.

வீடியோவில் கதைத்தால் பிள்ளைக்கு விளங்குமா?

முதல் மூன்று நாலு மாதம் அது உங்களுக்காகத்தான். பிள்ளைக்குக் குரல் போகும், அவ்வளவே. ஆறு மாதத்துக்குப் பிறகு மகள் திரையைப் பார்த்துக் கையை அடிக்கத் தொடங்கினாள். ஆனால் நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி. எனக்கு வேலை முடிவது இரவு எட்டு மணி. எட்டு மணிக்கு அழைத்தால், அப்போதுதான் ஏணையில் தூங்கிய பிள்ளை முழித்துவிடும். “எப்ப பார்த்தாலும் பிள்ளை கண் அயர்ற நேரம்தான் எடுக்கிறியள்” என்று மனைவி ஒருநாள் அழாக்குறையாகச் சொன்னார். அதன் பிறகு காலை ஆறரை. மகள் எழும்பிச் சிரித்துக்கொண்டு கிடக்கும் நேரம். எனக்கும் வரம்பில் வெயில் ஏறாத நேரம். சிக்னல் இல்லாத வயல் என்றால் முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் என் அம்மா அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இரவில் மனைவியோடு கதைக்கும்போது பிள்ளையைக் காட்டச் சொல்ல மாட்டேன். அது அவரோடு கதைக்கும் நேரம்.

திரும்பி வந்தால் பிள்ளை என்னைக் கண்டு வீரிட்டு அழுகிறது. என்னை மறந்துவிட்டதா?

எட்டாம் மாதத்தில் எனக்கு நடந்தது இது. இருபத்திரண்டு நாள் கழித்து வந்து, முறிகண்டியில் வாங்கிய கச்சான் பையோடு படலையைத் திறந்து, நேரே போய்த் தூக்கினேன். ஏதோ கள்ளன் தூக்கியது போல் கத்தினாள். அம்மா வந்து வாங்கினார், மூச்சு வாங்கி அடங்கக் கால் மணித்தியாலம். எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. குளிக்கப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

கிளினிக்கில் கேட்டதற்கு, ஆறு மாதம் தாண்டினால் பிள்ளைகள் ஆள் அறிவார்கள், அறிமுகமில்லாதவரைக் கண்டு அழுவது வளர்ச்சிதான் என்றார்கள். சரி. ஆனால் அந்த “அறிமுகமில்லாதவர்” நானாகிவிட்டேனே. இப்போது என் வழி இது: வந்தவுடன் தூக்குவதில்லை. டீசல் மணம் போகக் குளித்து, வீட்டுச் சாறத்தைக் கட்டிக்கொண்டு, அவள் விளையாடும் பாயில் ஓர் ஓரமாக இருப்பேன். அவள் பக்கம் பார்க்காமல் ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பேன். பத்து நிமிடத்தில் தவழ்ந்து வந்து டப்பாவைப் பறிப்பாள். பிறகு என் தாடியை. அதற்குப் பிறகு தூக்கலாம். போன முறை ஏழு நிமிடம்தான் எடுத்தது, மணிக்கூட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே மனைவியோடு சண்டை. ஏன்?

இதற்குத்தான் நான் நிறைய எழுத வேண்டும். போவது அவ்வளவு கடினமில்லை. பையைத் தூக்கினால் பஸ் கொண்டுபோய்விடும். வருவதுதான் கடினம்.

நீங்கள் இல்லாத இருபது நாளில் வீடு உங்களை விட்டுவிட்டு ஓடப் பழகியிருக்கும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், எந்தப் பாட்டுக்குச் சாப்பிடும், எந்தப் பக்கம் சாய்ந்தால் ஏப்பம் விடும் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்தது இருபது நாள் பழைய பிள்ளை. நீங்களோ களைத்து வந்திருக்கிறீர்கள். வீடு என்றால் ஓய்வு என்று உங்கள் உடம்பு நினைக்கிறது. மனைவியின் உடம்பு, அப்பாடா ஆள் வந்துவிட்டது, இனி நான் படுக்கலாம் என்று நினைக்கிறது. இரண்டு பேரும் ஒரே கட்டிலுக்கு ஓடுகிறீர்கள், பிள்ளை பாயில் கிடந்து அழுகிறது.

நான் செய்த அடுத்த பிழை, வந்து நின்று திருத்துவது. “ஏன் இன்னும் சோறு குழைத்துக் கொடுக்கிறாய், கட்டியாகக் கொடுக்கலாமே”, “ஏணையில் ஏன் இன்னும் போடுகிறாய்”. மெசின் திருத்துகிறவனின் வாய்ப்பழக்கம். மனைவி ஒரு நாள் துவாயை என் தோளில் போட்டுவிட்டு, “இண்டைக்கு நீங்கள் பாருங்கோ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். மத்தியானம் வரை நான் பட்ட பாட்டைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. மகள் சோற்றைக் காதில் பூசிக்கொண்டு தூங்கினாள்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வந்த இரவு நான் தூங்குவேன், ஒரேயொரு இரவு. அடுத்த நாள் மனைவி சொல்வது போல் செய்வேன், கேள்வி கேட்காமல். மூன்றாம் நாள் காலை ஐந்திலிருந்து பத்து மணி வரை பிள்ளை என் பொறுப்பு. மனைவி தூங்குவார், அல்லது தலைக்குக் குளிப்பார், அல்லது சும்மா முற்றத்தில் இருப்பார். நான் கருத்துச் சொல்வதாக இருந்தால் நாலாம் நாள்தான். பெரும்பாலும் நாலாம் நாள் வரும்போது சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவர் செய்வதில் காரணம் இருக்கிறது என்று அதற்குள் விளங்கிவிடும்.

இரவில் யார் எழும்புவது?

பால் கொடுப்பது தாய்தான். மிச்சம் எல்லாவற்றுக்கும் தகப்பன் எழும்பலாம். துணி மாற்ற, தோளில் போட்டு ஏப்பம் எடுக்க, ஏணை ஆட்ட. அதுவும் சாமம் இரண்டு மணிக்கு ஆட்டுகிறவனுக்குத்தான் ஏணை எவ்வளவு பாரம் என்று தெரியும்.

நான் இல்லாதபோது உதவிக்கு என்று பால்மா டின் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணியும் வேண்டாம். டின் வாங்குகிற காசுக்கு மனைவிக்கு மீனும் முருங்கையிலையும் வாங்கிக் கொடுங்கள். கிளினிக்கில் அவருக்குத் தரும் திரிபோஷாச் சத்துமாவை உருண்டை பிடித்து நீங்கள் தின்று முடிக்காதீர்கள்.

அப்பம்மாவும் அம்மம்மாவும் சொல்லும் கைமருந்துகளை என்ன செய்வது?

இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். வயிற்றுக்குள் போகிறது என்றால் கிளினிக்கைக் கேட்காமல் இல்லை. வசம்பு உரைத்துக் கொடுப்பது, நாக்கில் தேன் தடவுவது இரண்டையும் நிறுத்தினோம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்று குடும்பநல உத்தியோகத்தர் அக்கா கண்டிப்பாகச் சொன்னார். வயிற்றுக்குள் போகாதவற்றில் நான் வாய் திறப்பதில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிக்கட்டும், கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கட்டும், கையில் வசம்பு வளையல் கட்டட்டும். மிளகாய் நெருப்பில் விழுந்து நெடி வராவிட்டால் “பார், எவ்வளவு நாவூறு” என்று அம்மாவுக்கு ஒரு சந்தோசம். பிள்ளையைப் பகல் முழுக்கத் தூக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சந்தோசமாவது இருக்க வேண்டாமா?

சடங்குகளுக்கு நான் இல்லாமல் போகுமே?

31க்கு நின்றேன். சோறு தீத்தியது வற்றாப்பளை அம்மன் கோயிலில், நான் வரும் வரை இரண்டு கிழமை பொறுத்து. ஏழாம் மாதம் பல் முளைத்தபோது போனில்தான் பார்த்தேன். ஆனால் பல்லுக்கொழுக்கட்டையை எனக்காகத் தள்ளி வைத்தார்கள். வெள்ளைத் துணி பிடித்துத் தலையில் கொழுக்கட்டை கொட்டி, எதை எடுப்பாள் என்று பார்க்க முன்னால் பேனை, புத்தகம், காப்பு எல்லாம் பரப்பினோம். என் தம்பி களவாக ஒரு ஸ்பனரையும் வைத்திருந்தான். மகள் எதையும் தொடவில்லை. விழுந்த கொழுக்கட்டை ஒன்றைப் பொறுக்கி, அதில் குத்தியிருந்த தேங்காய்ச் சொட்டைப் பிடுங்கினாள். தேதியை நாள் பார்த்து வைப்பவரிடம் உங்கள் வேலை நாட்களையும் முதலே சொல்லிவிடுங்கள், நல்ல நாள் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

பிள்ளையோடு எப்படிப் பயணம் செய்வது?

மோட்டர் சைக்கிளில் வேண்டாம். நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற குடும்பங்களை யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியில் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். நாங்களும் ஒரு தடவை கிளினிக்குக்கு அப்படிப் போனோம், நடக்கிற வேகத்தில். அன்றைக்கு ஒரு கட்டாக்காலி மாடு குறுக்கே பாய்ந்தது. விழவில்லை. ஆனால் அதோடு விட்டோம்.

முள்ளியவளைக்குப் போக எங்களுக்குப் பரந்தன் வீதிதான், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக. பஸ்ஸில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் முன் சீட்டைக் கேட்டு வாங்கலாம், வெட்கப்பட வேண்டாம். காலை முதல் பஸ் நல்லது, வெயிலும் சனமும் குறைவு. மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும் என்பதால், மழை நாளில் வெளிக்கிட முன் மாமாவுக்கு அழைத்துக் கேட்டுக்கொள்வேன். மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் போகிறவர்கள் பொழுதுபட முன் காட்டைக் கடந்துவிட வேண்டும், யானை நிற்கும்.

கொழும்புக்கு என்றால் ரயில். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது எங்களுக்குப் பெரிய காரியம். கைக்குழந்தையோடு எழும்பி நடக்க இடம், கழிவறை, ஏணை போல் ஆட்டம். பஸ்ஸில் இது எதுவும் இல்லை.

நான் தூரத்தில் நிற்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. எதற்கும் ஆம்பிளையைக் கேட்டுத்தான். பிள்ளைக்கு இரவு காய்ச்சல், மனைவி எனக்கு அழைக்கிறார், எனக்குச் சிக்னல் இல்லை, திரும்பத் திரும்ப அழைக்கிறார், ஒரு மணித்தியாலம் போகிறது. இது நடந்தது. நல்ல வேளை, சாதாரணத் தடிமல். அதற்குப் பிறகு அம்மா, அப்பா, மனைவி மூன்று பேரையும் இருத்தி வைத்துச் சொன்னேன்: எனக்கு முதலில் அழைக்காதீர்கள். போய்ச் சேர்ந்து, வைத்தியர் பார்த்த பிறகு அழையுங்கள்.

மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் என்றால் விடியும் வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ, வலிப்பு வந்தாலோ எந்த வயதிலும் அதேதான். ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்து “சூடுதான், சூடில்லை” என்று மாமியும் அம்மாவும் பட்டிமன்றம் நடத்துவது அதோடு நின்றுவிடும்.

மனைவி காரணமில்லாமல் அழுகிறார். பேய் பிடித்தது என்கிறார்கள்.

பேய் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு கிழமை பலருக்கும் அழுகை வரும், தானே போகும். அதைத் தாண்டியும் நீண்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரிக் கதைத்தால், அது வருத்தம். மருந்தும் உதவியும் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அப்படி ஒரு நிலையில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நெல் காத்திருக்காது என்று முதலாளி சொல்வார். வேறு ஒருவரை அனுப்பட்டும்.

இந்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருந்தால் என்ன?

யோசித்தேன். கிளிநொச்சி டவுணில் ஒரு சின்னக் கராச் போட்டால் கைக்கு வருவது இப்போதைய வருமானத்தில் அரைவாசி. அதுவும் போகத்துக்குப் போகம் கடன் சொல்லும் ஊர். மனைவி ஒரு கணக்குச் சொன்னார்: மகள் முதலாம் வகுப்புக்குப் போகும் வரை ஐந்து வருடம், அதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பிறகு கராச். நான் ஒப்புக்கொண்டேன். சில இரவுகளில் ஒப்புக்கொண்டது பிழையோ என்றும் தோன்றும்.

உங்கள் அப்பாவும் பயண வேலைதானே, அவர் எப்படிச் சமாளித்தார்?

அப்பா லொறி ஓட்டினவர். 2002இல் ஏ9 திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் ஓடினார். 2006 ஆவணியில் சண்டையால் முகமாலையில் பாதை மூடியபோது அவர் யாழ்ப்பாணப் பக்கம், நாங்கள் வன்னிப் பக்கம். கப்பலில் திருகோணமலைக்குப் போய், வவுனியா சுற்றி, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வீட்டுக்கு வந்து சேர நாலு மாதம். என் கடைசித் தங்கச்சிக்கு அப்போது ஒரு வயது. அவளும் அப்பாவைக் கண்டு அழுதாளாம். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான் பையோடு படலையைத் திறக்கும்போது மட்டும், “உடன தூக்காத, கொஞ்சம் இரு” என்பார். டப்பா தட்டும் வித்தையையும் அவர்தான் காட்டித் தந்தார்.

அதனால்தான் அம்மாவுக்கு நான் போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டும். இப்போது சோதனைச்சாவடியும் இல்லை, பாதையும் மூடாது என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. அழைத்துவிடுவது சுலபம்.

அடுத்த பயணம் எப்போது?

தைப்பொங்கல் முடிந்த கையோடு அம்பாறை. மாசித் தொடக்கத்தில் மகளுக்கு ஒரு வயது, 12ஆம் மாத ஊசியும் அந்தக் கிழமைதான். மேலாளரிடம் இப்போதே திகதி கொடுத்திருக்கிறேன், “பார்ப்பம்” என்றார். நாளைக்கு மோட்டருக்குப் புது வோசர் போட வேண்டும்.